மச்சச் சாற்றிலிருந்து மாம்பழச் சுவை வரை

எங்கட ஜிம் வட்ஸ்அப் குழுவில் மூன்று கிழமையாக ஒரே கதைதான். "அண்ணை, சாமான் எப்ப வருது?" "கொழும்புக்கு வந்திட்டுதாம்." "மாம்பழச் சுவையாம், படம் போட்டிருக்கிறாங்கள், பாருங்கோ."

வவுனியாவில் நாங்கள் போற ஜிம் பெரிய இடம் ஒன்றும் இல்லை. தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, ஒரு பக்கம் உடைந்த கண்ணாடி. வாசல் மேசையில் மட்டும் எப்பவும் ஒரு கிரியேட்டின் ரின் இருக்கும். இதுவரை வந்ததெல்லாம் சுவையே இல்லாத வெள்ளைப் பொடி, இல்லாட்டி நீல நிற ராஸ்பெரி. நீல நிறத்தில் ராஸ்பெரி காய்த்ததை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. இப்ப மாம்பழம் வருது எண்டவுடன் பெடியளுக்குப் பெரிய எதிர்பார்ப்பு. கறுத்தக்கொழும்பான் வாசம் வருமோ, இல்லாட்டி இருமல் பாணி மாதிரி இருக்குமோ எண்டு பந்தயம்கூட நடக்குது. சம்பளத்தில் பெரிய பங்கை இந்த ரின்னுக்கு எடுத்து வைத்திருக்கிற ஆட்களும் எங்களுக்குள் இருக்கினம்.

இதற்கிடையில் இரண்டு கேள்விகள் வந்து விழுந்தன. முதலாவது, வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற தம்பி ஒருவர் கேட்டது: "உது மச்சமோ, சைவமோ?" இரண்டாவது, எங்கட நண்பன் ஒருவனின் அம்மா கேட்டது. நண்பனின் அப்பா மாதம் மாதம் சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறவர். அம்மா ரின்னில் இருந்த ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னா: "உது அப்பான்ர கிளினிக் கொப்பியில எழுதியிருக்கிற சாமான் எல்லோ? அது கூடினால் கூடாது எண்டு டொக்டர் சொல்லுறார். நீ காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறியோ?" அடுத்த நாள் ரின்னைக் காணவில்லை. அரிசி வாளிக்குள் இருந்ததாம்.

இரண்டு கேள்விக்கும் எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. வருசக்கணக்காகக் குடிக்கிற சாமான் எங்கிருந்து வந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால்தான் மாம்பழம் வந்து சேருவதற்குள் தேடி வாசித்தோம். வாசித்ததில் விளங்கியது இது: சுவைதான் புதுசு. சாமானுக்கு வயது கிட்டத்தட்ட 200. அந்த 200 வருசத்திலும் அதை விற்றவர்கள் பெரும்பாலும் வேறு எதையோதான் விற்றிருக்கிறார்கள்.

சூப்பில் பிறந்தது

1832இல் பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் மிஷேல் ஷெவ்ரல் இறைச்சியை அவித்த சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இறைச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'கிரேயாஸ்' என்பதிலிருந்து அதற்குக் கிரியேட்டின் என்று பெயர் வைத்தார். ஷெவ்ரல் சின்ன ஆள் இல்லை. கொழுப்புகள் எவற்றால் ஆனவை என்பதை விளக்கியவர், சாயங்கள் பற்றியும் நிறங்கள் பற்றியும் எழுதியவர். 1786இல் பிறந்து 1889 வரை, 102 வயது வாழ்ந்தவர். ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவருடைய பெயரும் ஒன்று. ஆனால் அவர் கண்டெடுத்த இந்தப் பொருள் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்பது அவருக்கோ அந்தக் காலத்தில் வேறு எவருக்குமோ தெரியாது.

15 வருசம் கழித்து, 1847இல், ஜேர்மனியின் யுஸ்டுஸ் வொன் லீபிக் அதைத் திரும்பக் கையில் எடுத்தார். பல மிருகங்களின் இறைச்சியைச் சோதித்து, எல்லாவற்றிலும் கிரியேட்டின் இருக்கிறது என்று உறுதிப்படுத்தினார். அவர் எழுதியதில் ஒரு விசயம் எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. வேட்டையில் ஓடவிட்டுக் கொல்லப்பட்ட நரிகளின் தசையில், அடைத்து வளர்த்த நரியின் தசையில் இருந்ததைவிடப் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்தது என்று அவர் கணக்குச் சொன்னார். ஓட்டத்துக்கும் இந்தப் பொருளுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது.

கையெழுத்துப் போட்ட சாடி

லீபிக் அதோடு நிற்கவில்லை. இறைச்சியின் சத்தெல்லாம் அதன் சாற்றில்தான் இருக்கிறது, அந்தச் சாற்றை வற்றவைத்து எடுத்தால் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுக்கலாம் என்று சொன்னார். ஐரோப்பாவில் இறைச்சி விலை. ஆனால் தென்னமெரிக்காவில், உருகுவே நாட்டில், மாடுகளைத் தோலுக்காகவே கொன்றுகொண்டிருந்தார்கள். பொறியியலாளர் ஜோர்ஜ் கீபேர்ட் இந்த இரண்டையும் இணைத்தார். உருகுவே ஆற்றங்கரையில் ஃபிரே பென்டோஸ் என்ற ஊரில் ஆலை எழுந்தது. 1865இல் லீபிக் இறைச்சிச் சாறு கம்பனி லண்டனில் தொடங்கப்பட்டது. ஒரு கிலோ சாற்றுக்கு 30 கிலோ அளவில் இறைச்சி போனது. அந்த ஆலை இருந்த இடம் 2015இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமை இடம்.

சாடியின் தாளில் லீபிக்குடைய கையெழுத்து நீல மையில் குறுக்கே அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பெரிய விஞ்ஞானி கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் யார் சந்தேகப்படுவது? இன்று ரின்னைக் கையில் பிடித்துக்கொண்டு தசையை முறுக்கிக் காட்டுகிற அண்ணைமார் செய்வதும் இதே வேலைதான். பிறகு கம்பனி நிறப்படம் போட்ட அட்டைகளையும் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அவற்றைச் சேர்த்தார்கள். அட்டைத் தொகுதியை முழுமையாக்கவும் அடுத்த சாடியை வாங்கினார்கள்.

ஆனால் மற்ற இரசாயனவியலாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: இந்தச் சாற்றில் சத்து எங்கே? கொழுப்பை எடுத்தாச்சு. புரதத்தில் பெரும்பகுதி சக்கையோடு போயிட்டுது. மிஞ்சியது உப்புகள், வாசம், கொஞ்சம் கிரியேட்டின். கடைசியில் லீபிக்கும் கதையை மாற்ற வேண்டி வந்தது. அது இறைச்சிக்குப் பதிலான உணவு இல்லை, சாப்பாட்டுக்குச் சுவையும் தெம்பும் சேர்க்கிற சாமான் என்றார். சத்து என்று விற்கத் தொடங்கியது சுவையாக முடிந்தது. எங்கட கதையில் இது திரும்ப வரும்.

இந்த லீபிக் எங்கட வீடுகளுக்குள்ளும் இருக்கிறார். மதுவத்தை, இறைச்சிச் சாறு மாதிரியே வற்றவைத்துச் சாப்பிடலாம் என்று காட்டியவரும் அவர்தான். இலங்கையில் வெறும் வயிற்றுக்கு வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற மார்மைட் அந்த வழியில் வந்தது. தடிமன் காய்ச்சல் வந்தால் அம்மாமார் ஆட்டெலும்பு சூப் வைக்கிறதும், அன்றைய ஐரோப்பியத் தாய்மார் லீபிக் சாறு கரைத்ததும் ஒரே நம்பிக்கையில்தான்.

ஹார்வார்டில் ஒரு சுப்பாராவ்

இறைச்சிக்குள் கிரியேட்டின் இருக்கிறது, சரி. அங்கே அது என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 1927 வரை போனது. விடையைக் கண்டவர்களில் ஒருவருடைய பெயரை எந்த ரின்னிலும் நாங்கள் கண்டதில்லை.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். இன்று அது ஆந்திரா. மெற்றிக்குலேசன் சோதனையில் மூன்றாவது தடவைதான் தேறினார். படிப்பில் ஒருக்கா இரண்டுதரம் விழுந்த எங்களுக்கு இதை வாசிக்கவே ஆறுதல். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்துக்கொண்டு சத்திரசிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. கொஞ்சக் காலம் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் படிப்பித்தார். தன் மூத்த சகோதரனை ஸ்புரூ என்கிற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். பிறகு கப்பல் ஏறி அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். பகலில் ஹார்வார்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலச் சட்டி கழுவுகிற வேலை.

ஹார்வார்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, குருதியிலும் தசையிலும் எவ்வளவு பொஸ்பரஸ் இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கிற முறையை உருவாக்கினார். 1925இல் வெளிவந்த அந்த முறை ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே பெயர் பெற்றது. தசைச் சாற்றை அளந்தபோது ஒரு பிசகு வந்தது. வர வேண்டிய நீல நிறம் உடனே வரவில்லை, மெதுமெதுவாக வந்தது. வேறு ஆட்கள் என்றால் மருந்து பழசாகிட்டுது எண்டு ஊற்றிவிட்டுத் திரும்பச் செய்திருப்பினம். இவர்கள் ஏன் பிந்துகிறது என்று கேட்டார்கள். பொஸ்பேற்று எதனுடனோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது மெல்ல மெல்ல உடைந்து வெளியே வருகிறது. ஒட்டிக்கொண்டிருந்தது கிரியேட்டினுடன். 1927இல் அதை வெளியிட்டார்கள். அதே வருடம் இங்கிலாந்தில் பிலிப் எகிள்டன், கிரேஸ் எகிள்டன் என்ற தம்பதியினரும் அதே பொருளைத் தனியாகக் கண்டு, அதற்கு 'பொஸ்பஜென்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கோ. இரண்டு வருடம் கழித்து, 1929இல், தசையின் நேரடி எரிபொருளான ஏடிபியையும் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் கண்டார்கள். ஜேர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியாகக் கண்டார்.

இத்தனைக்கும் ஹார்வார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய தலைமையில் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். புற்றுநோய்க்கு எதிரான முதல் மருந்துகளில் சில அந்த வேலையிலிருந்து வந்தன. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தும் அங்கிருந்துதான் வந்தது. 1948இல் 53 வயதில் காலமானார்.

அந்த யானைக்கால் மருந்தில் எங்கட நாட்டுக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. மேல், தென், வடமேல் மாகாணங்களில் 2002 முதல் 2006 வரை வருடத்துக்கு ஒரு தடவை சனங்களுக்குக் கொடுத்த குளிசைகளில் ஒன்று அது. 2016இல் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கொழும்பில், காலியில், குருநாகலில் அந்தக் குளிசையை விழுங்கிய ஆட்களுக்கும், வவுனியாவில் கிரியேட்டின் கலக்குகிற எங்களுக்கும் நடுவில் ஒரே மனிதர் நிற்கிறார். அவரை எங்களுக்குத் தெரியாது. ரின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் பெயர் மட்டும் எல்லாருக்கும் பாடம்.

முதல் பத்துச் செக்கன்

இப்ப வேலையைப் பார்ப்போம். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கரண்ட் போன உடனே ஜெனரேற்றர் வேலை செய்யாது. அது தொடங்கும் வரை கணினியை அணையாமல் பிடித்து வைத்திருப்பது யூபிஎஸ். தசையில் ஏடிபி இருப்பு இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் காணும். சீனியையும் கொழுப்பையும் எரித்துப் புதிய ஏடிபி செய்ய நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கிரியேட்டின் தன்னோடு ஒட்டிவைத்திருந்த பொஸ்பேற்றைக் கொடுத்து, தீர்ந்த ஏடிபியை உடனே திரும்ப நிரப்புகிறது. முழு மூச்சில் ஓடும்போதோ தூக்கும்போதோ முதல் பத்துச் செக்கன் அளவில் இதுதான் பெரிய துணை. பிறகு ஓய்வெடுக்கும்போது யூபிஎஸ் திரும்பச் சார்ஜ் ஆகிறது.

அந்தக் காலத்தில் இதை ஏற்றுக்கொள்வது சுலபமாக இருக்கவில்லை. தசை சுருங்குவது இலக்றிக் அமிலத்தால்தான் என்ற கோட்பாடு ஆட்சி செய்தது. 1922க்கான நோபல் பரிசே தசை பற்றிய வேலைக்காக ஆர்ச்சிபால்ட் ஹில், ஒட்டோ மாயர்ஹொஃப் இருவருக்கும் கிடைத்திருந்தது. 1930இல் கோப்பன்ஹேகனில் அய்னார் லுண்ட்ஸ்கார்ட் ஒரு நஞ்சைக் கொடுத்து, தசையில் இலக்றிக் அமிலம் உண்டாகாமல் தடுத்தார். அப்படியும் தசை கொஞ்ச நேரம் சுருங்கியது. அந்த நேரத்தில் குறைந்துகொண்டு போனது பொஸ்பஜென். பழைய கோட்பாடு அதோடு விழுந்தது.

ஒரு 70 கிலோ ஆளின் உடம்பில் 120 கிராம் அளவில் கிரியேட்டின் இருக்கும். அதில் 95 வீதம் தசையில். ஒவ்வொரு நாளும் 2 கிராம் அளவில் கழிந்து போகும். அதில் பாதியை உடம்பே செய்கிறது, மீதி இறைச்சியிலும் மீனிலும் இருந்து வருகிறது. ஒரு கிலோ சூரை மீனில் 4 கிராம் அளவில்தான் இருக்கும். அதனால் சைவக்காரரின் தசையில் இருப்பு கொஞ்சம் குறைவு.

விரதத் தம்பிக்கு மறுமொழி இங்கேயே சொல்லலாம். இன்று ரின்னில் வருவது இறைச்சியில் இருந்து எடுத்தது இல்லை. சார்கோசின், சயனமைட் என்ற இரண்டு இரசாயனங்களைச் சேர்த்து ஆலையில் செய்வது. ஜேர்மனியிலும் சீனாவிலும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. பெயர்தான் மச்சம், பொடி சைவம். ஆனால் கூட்டுக்குளிசை மாதிரி உறைக்குள் வந்தால் அந்த உறை ஜெலற்றினோ எண்டு பார்க்க வேணும். அது மச்சம்.

பார்சிலோனாவும் ரின்னும்

கிரியேட்டினைச் சாப்பிட்டால் அது உடம்பில் தங்கும் என்று 1920களிலேயே அமெரிக்காவில் அல்ஃபிரட் சனூட்டின் காட்டியிருந்தார். ஆனால் தசைக்குள் போகிறதா என்று பார்க்க உயிருள்ள ஆளின் தசையிலிருந்து ஒரு துண்டு எடுக்க வேணும். 1960களில் சுவீடனில் ஊசியால் அப்படி எடுக்கிற முறை ஆய்வுக்கு வந்தது. அந்த முறையில் தேர்ந்த எரிக் ஹல்ட்மனும், ரொஜர் ஹரிஸ், கரின் சொடர்லுண்ட் ஆகியோரும் சேர்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய சந்தையின் வாசல். 17 பேருக்கு 5 கிராம் வீதம் நாளுக்கு நாலு அல்லது ஆறு தடவை கொடுத்தார்கள். தசையில் இருப்பு ஏறியது. முதலில் குறைவாக இருந்தவர்களுக்குக் கூடுதலாக ஏறியது. 5 கிராம் என்பது 1.1 கிலோ பச்சை இறைச்சியில் இருக்கிற அளவு என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஷெவ்ரலுடைய சூப்பும் லீபிக்குடைய சாறும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிட்டன.

அதே வருடம் பார்சிலோனா ஒலிம்பிக். 100 மீற்றரில் லின்ஃபோர்ட் கிறிஸ்ரியும், 400 மீற்றர் தடை தாண்டலில் சலி கனலும் பிரித்தானியாவுக்குத் தங்கம் வென்றார்கள். இவர்கள் கிரியேட்டின் பாவித்தார்கள் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருடமே, 1993இல், அமெரிக்காவில் ஈஏஎஸ் என்ற கம்பனி ஜிம்காரருக்கான கிரியேட்டின் பொடியைக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'பொஸ்பஜென்'. எகிள்டன் தம்பதியினர் ஆய்வுகூடத்தில் வைத்த பெயர் 66 வருடம் கழித்து ரின்னில் ஏறியது. 1994இல் அமெரிக்காவில் வந்த சட்டம், இப்படியான சேர்க்கைப் பொருட்கள் விற்பனைக்கு வருமுன் மருந்துகளைப் போல அனுமதி எடுக்கத் தேவையில்லை என்றாக்கியது. அதற்குப் பிறகு சந்தைக்கு மடை திறந்தது.

சுவை ஏன் வந்தது

மாம்பழத்துக்கு வருவோம். வெறும் கிரியேட்டின் மணல் மாதிரி. குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிப் பல்லில் கடிபடும். சுவை சேர்ப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் சுவைக்குப் பின்னால் ஒரு ஆய்வும் இருந்தது எண்டு எங்களுக்கு இப்பதான் தெரிந்தது.

1996இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்த ஆய்வில், ஒவ்வொரு 5 கிராம் கிரியேட்டினுக்கும் பிறகு 93 கிராம் சீனிச்சத்து உள்ள பானத்தைக் கொடுத்தார்கள். இன்சுலின் ஏறியது, தசைக்குள் கூடுதல் கிரியேட்டின் போனது. உடனே சந்தைக்குச் சீனியும் பழச்சுவையும் கலந்த கிரியேட்டின் வந்தது. 93 கிராம் எண்டால் 20 தேக்கரண்டிக்கு மேல் சீனி. அதுவும் ஒரு நாளில் நாலு தடவை. நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய எங்கட ஊரில் இந்தக் கணக்கை யோசித்துப் பாருங்கோ.

ஆனால் அதே 1996இல் ஹல்ட்மன் குழுவினர் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார்கள். ஆறு நாள் 20 கிராம் வீதம் எடுத்தாலும், 28 நாள் வெறும் 3 கிராம் வீதம் எடுத்தாலும், தசை கடைசியில் ஒரே அளவுக்கு நிரம்புகிறது. சீனியும் வேண்டாம், அவசரமும் வேண்டாம், பொறுமை இருந்தால் காணும். இரண்டு ஆய்வில் எது விளம்பரத்துக்குப் போயிருக்கும் எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மெதுவாகக் கொஞ்சமாகக் குடியுங்கோ எண்டு சொல்லி ரின் விற்க ஏலாது.

இன்றைய சுவைகளில் பெரும்பாலும் சீனி இல்லை. சுக்ரலோஸ் மாதிரியான இனிப்பும், புளிப்புக்குச் சிற்றிக் அமிலமும்தான். அந்தப் புளிப்பிலும் ஒரு விசயம் இருக்கிறது. பொடியாக இருக்கும்வரை கிரியேட்டின் கெடாது. புளிப்பான தண்ணீரில் கரைத்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வேறொன்றாக மாறும். எலுமிச்சம் சாற்றைவிடக் குறைந்த புளிப்பில், 25 பாகை வெப்பத்தில், மூன்று நாளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காலையில் கலக்கி, வெயிலில் மோட்டர் சைக்கிளில் வைத்து, பின்னேரம் குடிக்கிற பழக்கம் எங்களுக்குள் இருக்கு. அதை விடுங்கோ. கலந்தவுடன் குடியுங்கோ.

அது மாறுகிற அந்த வேறொன்றின் பெயர்தான் கிரியேட்டினின்.

அம்மாவின் கேள்வி

தமிழில் இது இன்னும் சிக்கல். கிரியேட்டின் என்ற சொல்லோடு 'இன்' உருபைச் சேர்த்தால் கிரியேட்டினின். "கிரியேட்டினின் அளவு" என்று எழுதினால், ரின்னில் இருக்கிற பொடியின் அளவா, கிளினிக் கொப்பியில் இருக்கிற கழிவின் அளவா எண்டு எழுதினவருக்குத்தான் வெளிச்சம். இந்தக் கட்டுரையில் அந்த உருபைத் தவிர்த்து எழுத நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அம்மா குழம்பினதில் பிழையே இல்லை.

இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் அம்மா சொன்ன மாதிரி உறவு இருக்கிறது. தசையில் உள்ள கிரியேட்டினில் ஒரு சிறு பங்கு ஒவ்வொரு நாளும் தானாகவே கிரியேட்டினினாக மாறி, குருதி வழியாகச் சிறுநீரகத்துக்குப் போய் வெளியேறும். சிறுநீரகம் பழுதானால் அது வெளியேறாமல் குருதியில் தேங்கும். 1886இல் மக்ஸ் யாஃபே, பிக்ரிக் அமிலத்துடன் சேர்த்தால் கிரியேட்டினின் செம்மஞ்சள் நிறம் தரும் என்று கண்டார். அந்த நிறத்தை அளக்கிற முறை இன்றும் பல ஆய்வுகூடங்களில் இருக்கிறது. அதாவது கிரியேட்டினின் நோயைக் கொண்டு வருவது இல்லை, நோயைக் காட்டிக் கொடுப்பது. வீட்டு வாசலில் குப்பை குவிந்தால், குப்பை வண்டி வரவில்லை எண்டு விளங்குகிற மாதிரி.

இந்தச் சொல் எங்கட பக்கம் ஏன் இவ்வளவு பயம் தருகிறது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1990களில் இருந்து மதவாச்சி, பதவியா பக்கம் வயல் வேலை செய்கிறவர்களிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாகத் தெரியத் தொடங்கியது. நீரிழிவும் இல்லை, பிரசரும் இல்லை, சிறுநீரகம் மட்டும் செயலிழக்கிறது. காரணம் தண்ணீரோ, கிருமிநாசினியோ, வெயிலோ எண்டு ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த முடிவு இல்லை. மதவாச்சி எங்களுக்கு அடுத்த ஊர். வவுனியாவிலும் இந்த நோயாளிகள் இருக்கினம். அப்படிப்பட்ட வீடுகளில் கிரியேட்டினின் என்பது மாதம் மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற இலக்கம். அந்த வீட்டுக்குள் அதே மாதிரிப் பெயரோடு பளபளக்கிற ரின் ஒன்றைக் கொண்டு போனால் அம்மா அரிசி வாளிக்குள் ஒளிக்காமல் வேறு என்ன செய்வா?

மேல்நாட்டிலும் இந்தப் பயம் வந்து போனது. 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தபோது கிரியேட்டின் மீது சந்தேகம் விழுந்தது. எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் சூட்டில் உடற்பயிற்சி செய்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 1998இல் ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்த இளைஞர் ஒருவருக்குக் கிரியேட்டின் எடுத்தபோது நிலைமை மோசமானதாக மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. கிரியேட்டின் முதலில் பிறந்த பிரான்ஸ், 2001இல் அதன் ஆபத்து பற்றி எச்சரித்து நீண்ட காலம் கெடுபிடியாக இருந்தது. பிறகு ஆய்வுகள் சேர்ந்தன. ஆரோக்கியமான ஆட்களுக்குச் சொன்ன அளவில் சிறுநீரகம் கெடுவதாக அவை காட்டவில்லை. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரே ஒரு வாசகத்துக்கு அனுமதி கொடுத்தது. நாளுக்கு 3 கிராம் எடுத்தால், குறுகிய நேரக் கடும் பயிற்சியை அடுத்தடுத்துச் செய்யும்போது செயல்திறன் கூடும் என்பதுதான் அது. அவ்வளவுதான். அதில் மாம்பழமும் இல்லை, மலை மாதிரித் தோளும் இல்லை.

ஆனால் 'ஆரோக்கியமான ஆட்கள்' என்ற சொல்லைத்தான் நாங்கள் பாய்ந்து கடந்து விடுகிறோம். காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிற ஊரில், சோதிக்காமல் நான் ஆரோக்கியம் எண்டு எப்படிச் சொல்லுறது? சிறுநீரக நோய் உள்ளவர் இதைத் தொடக் கூடாது. வீட்டில் நோய் இருந்தால் முதலில் ஒருக்காச் சோதித்துப் பார்க்க வேணும். இதைக் குடிக்கிற ஆள் இரத்தம் சோதிக்கப் போனால் டொக்டரிடம் சொல்ல வேணும். ஏனெண்டால் சிறுநீரகம் நன்றாக இருந்தும் இலக்கம் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். சொல்லாவிட்டால் டொக்டரும் குழம்புவார், வீட்டில் அம்மாவும் அழுவா.

ரின் வரும்போது

நாங்கள் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொன்னோம். அப்பா கிளினிக் கொப்பியை எடுத்து விரித்தார். ரின்னையும் பக்கத்தில் வைத்து இரண்டு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். அம்மா எல்லாத்தையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னா: "அப்ப முதல்ல இவனுக்குச் சோதிச்சுப் பாப்பம். அதுக்குப் பிறகு குடிக்கட்டும்." 200 வருச வரலாற்றை வாசித்து நாங்கள் வந்து சேர்ந்த இடமும் அதுதான். அவன் சோதிக்கும்வரை ரின் அரிசி வாளிக்குள்தான் இருக்கும்.

மாம்பழம் அடுத்த கிழமை வருதாம். வரட்டும். ஒரு ரின்னைக் காசு சேர்த்து வாங்கி, சுவை எப்படி எண்டு கட்டாயம் எழுதுவோம். வாங்குகிற ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். கடையில் சுவையைக் கேட்க முதல், ஒரு கரண்டியில் எத்தனை கிராம் கிரியேட்டின் இருக்கிறது எண்டு பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கோ. வெறும் வெள்ளைப் பொடியின் கிராம் விலையையும் மாம்பழத்தின் கிராம் விலையையும் வகுத்துப் பாருங்கோ. மிச்சம் வருகிற காசு மாம்பழத்துக்குக் கொடுக்கிற காசு. அந்தக் காசுக்கு ஆனி மாதம் சந்தையில் உண்மையான கறுத்தக்கொழும்பானே வாங்கலாம்.

குடிக்கும்போது முடிந்தால் சுப்பாராவையும் ஒருக்கா நினையுங்கோ. பிந்தி வந்த நீல நிறத்தைப் பார்த்து ஏன் எண்டு கேட்ட மனிசன் அவர்தான்.